மெழுகுக்குள் இருந்த பிரட்டுக் கணக்கு

என் அக்காவின் மார்பிலிருந்து அகற்றப்பட்ட கட்டியின் ஒரு பகுதியை ஏறத்தாழ ஒரு மணி நேரம் நான் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையின் நோயியல் பிரிவில் கையெழுத்துப் போட்டு அதை வாங்கி, பரிசோதனைக்காக வெளிநாட்டுக்கு அனுப்ப ஒப்புக்கொண்ட வேறொரு மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. தீப்பெட்டியைவிடத் தட்டையான ஒரு பிளாஸ்டிக் கூடு. அதன்மேல் உறைந்த வெள்ளை மெழுகு. மெழுகின் நடுவே சுண்டுவிரல் நகத்தளவில், சாம்பலும் வெளிர்மஞ்சளும் கலந்த ஒரு திட்டு. கூட்டின் சாய்ந்த விளிம்பில் ஓர் எண் மட்டும் இருந்தது, பெயர் இல்லை. மருத்துவமனையில் இதை ‘பிளாக்’ என்றார்கள். வெயிலில் மெழுகு இளகிவிடுமோ என்று பயந்து, துண்டில் சுற்றி, காரின் குளிர்காற்று படும் பக்கமாகப் பிடித்துக்கொண்டேன். அந்த மெழுகு உருகுவதற்கு ஐம்பது டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும் என்பது பிறகுதான் தெரிய வந்தது.

அக்காவுக்கு வயது 58. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்துக்குக் குடிவந்து, முப்பது ஆண்டுகளாக ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பவர். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட கட்டியை ஒரு வாரம்கூட மறைக்காமல் எங்களிடம் சொன்னதால், அது சிறிதாக இருக்கும்போதே ஈப்போவில் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி 1.8 சென்டிமீட்டர், இரண்டாம் தரம், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் பற்றும் ஏற்பி உண்டு, ஹெர்2 என்ற வளர்ச்சிப் புரதம் மிகுதியாக இல்லை, அக்குளிலிருந்து எடுத்த நிணநீர்க் கணுக்களில் புற்று பரவவில்லை. அறிக்கையின் இந்த வரிகள் பின்னால் எவ்வளவு முக்கியமாகப் போகின்றன என்பதை அப்போது நாங்கள் அறியவில்லை. மார்பு முழுவதும் எடுக்கப்படவில்லை என்பதால் கதிர்வீச்சு வேண்டும், அதற்கு முன் மூன்று வாரத்துக்கு ஒரு முறையாக நான்கு முறை கீமோ வேண்டும் என்று சொல்லித் தேதியும் குறித்துக் கொடுத்தார்கள். கீமோ கொடுப்பதால் அக்காவுக்குக் கூடுதலாக என்ன கிடைக்கும் என்று அந்த அறையில் நாங்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் அக்கா மகள்தான் அன்று இரவு தொலைபேசியில், “சின்னம்மா, அம்மாவுக்கு இருக்கிற வகைக்கு மரபணு வெளிப்பாட்டுப் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது, கீமோவுக்கு முன்னால் அதைச் செய்து பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்” என்றாள். அடுத்த முறை கேட்டபோது மருத்துவர் உடனே ஒப்புக்கொண்டார். ஆம், அப்படி ஒரு பரிசோதனை உண்டு. உங்கள் அக்காவுக்கு அது பொருந்தும். ஆனால் இங்கே செய்யும் வசதி இல்லை, செலவை நீங்களே ஏற்க வேண்டும். தோட்டத்துப் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் இதைச் சொல்லி மனத்தைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்றுதான் சொல்லவில்லை என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதை நான் நம்புகிறேன். ஆனாலும் எங்கள் கையில் பணம் உண்டா இல்லையா என்பதை எங்களைக் கேட்காமலே ஒருவர் முடிவு செய்துவிட்டதை நினைத்தால் இன்றும் எனக்கு வலிக்கிறது. இந்தப் பதிவை எழுதுவதற்கு அந்த வலியே காரணம். எங்கள் ஊரிலும், இதைப் போன்ற ஊர்களிலும், ஒரு பெண்ணுக்கு இப்படிப்பட்ட அறிக்கை கைக்கு வரும் நாளில், எதைக் கேட்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பரிசோதனை என்றதும் எங்கள் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, “அப்படியென்றால் இது பரம்பரை நோயா, பெண் பிள்ளைகளுக்கும் வருமா?” என்பதுதான். மரபணு என்ற சொல் இருப்பதால் பலரும் இரண்டு வேறு பரிசோதனைகளை ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்களில் பிறவியிலேயே பிழை இருக்கிறதா என்று இரத்தத்தில் பார்ப்பது ஒன்று. அதுதான் பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் தொடும் விஷயம். நான் சொல்ல வந்தது வேறு. இது கட்டியை மட்டுமே பார்க்கிறது; பிள்ளைகளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

பெரியம்மாவுக்கு இதை விளக்க எனக்குக் கைகொடுத்தது பழைய தோட்டத்துப் பிரட்டுதான், அதாவது வேலைக்குப் போகுமுன் எல்லாரும் வரிசையில் நின்று பெயர் கொடுப்பது. விடியுமுன் எல்லாரும் பிரட்டுக்கு நிற்பார்கள். கிராணி என்ற கணக்கரின் செக்ரோல் என்ற பெயர்ப் புத்தகத்தில் தோட்டத்தில் உள்ள அத்தனை பேரின் பெயரும் இருக்கும். ஆனால் அன்றைக்கு யார் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிறார், யார் புல்வெட்டுக்கு, யார் மருந்தடிக்க, யார் வீட்டில் என்பது வேறு கணக்கு. நம் உடம்பின் அநேகமாக ஒவ்வோர் உயிரணுவிலும் ஏறத்தாழ இருபதாயிரம் மரபணுக்கள் கொண்ட அதே பெயர்ப் புத்தகம் இருக்கிறது. தோலிலும் அதே புத்தகம்தான், ஈரலிலும் அதே புத்தகம்தான். தோலைத் தோலாகவும் ஈரலை ஈரலாகவும் ஆக்குவது, அந்தந்த இடத்தில் எந்தெந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதே. ஒரு மரபணு வேலைக்கு இறங்கும்போது ஆர்என்ஏ என்ற படிகள் உருவாகின்றன. கிராணி எழுதிக் கொடுக்கும் வேலைத் துண்டு போல. துண்டுகளை எண்ணினால் அன்றைக்கு எந்த வேலைக்கு எத்தனை பேர் போனார்கள் என்று தெரிந்துவிடும். பிஆர்சிஏ பரிசோதனை பெயர்ப் புத்தகத்தில் எழுத்துப் பிழை தேடுகிறது. வெளிப்பாட்டுப் பரிசோதனை வேலைத் துண்டுகளை எண்ணுகிறது. பெரியம்மா நாற்பது ஆண்டுகள் பிரட்டில் நின்றவர். “அப்போ கட்டிக்குள்ளே எந்த கேங் வேலை செய்யுதுன்னு பார்க்கிறாங்க” என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார்.

மார்புப் புற்று ஒரே நோய் அல்ல என்பதை உலகம் இவ்வகையில்தான் உணர்ந்தது. 2000ஆம் ஆண்டில் சார்லஸ் பெரூவும் அவருடைய குழுவினரும் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் வெளிப்பாட்டை ஒரே நேரத்தில் அளந்து, உருப்பெருக்கியில் ஒன்றுபோலத் தோன்றும் கட்டிகள் உள்ளுக்குள் வெவ்வேறு இனங்களாகப் பிரிவதைக் காட்டினார்கள். 2002இல் ஆம்ஸ்டர்டாமில் லாரா வான்ட் ஃபேர் குழுவினர், பிற்காலத்தில் பரவிய கட்டிகளையும் பரவாத கட்டிகளையும் பிரித்துக் காட்டும் 70 மரபணுக்களைக் கண்டெடுத்தார்கள். அதுவே மம்மாபிரிண்ட் என்ற பரிசோதனையாகி, 2007இல் அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் அனுமதியைப் பெற்றது. எங்கள் அக்காவுக்கு நாங்கள் செய்தது ஆன்கோடைப் டிஎக்ஸ். 2004இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய அந்தப் பரிசோதனை 21 மரபணுக்களைப் பார்க்கிறது.

இந்த 21இல் புற்றோடு தொடர்புள்ளவை 16. மீதி ஐந்து, எந்த உயிரணுவிலும் எந்த நாளும் ஓரளவு சீராக வேலை செய்துகொண்டிருப்பவை. இந்த ஐந்தும் எதற்கு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. ஃபார்மலினில் ஊறி மெழுகில் பதிந்த திசுவில் ஆர்என்ஏ சிறு துணுக்குகளாக நொறுங்கிப் போயிருக்கும்; ஒரு பிளாக்கில் அதிகமாகவும் மற்றொன்றில் குறைவாகவும் மிஞ்சியிருக்கும். மழை நனைத்த செக்ரோலில் பாதித் துண்டுகள் கிழிந்துபோனால், மரம் வெட்டப் போனவர்கள் குறைவா அல்லது துண்டுகள் தொலைந்தனவா என்று எப்படிச் சொல்வது? தினமும் தவறாமல் வேலைக்கு வரும் தண்ணீர்க்காரர், காவல்காரர் ஆகியோரின் துண்டுகள் எத்தனை மிஞ்சின என்று பார்த்து, அதோடு ஒப்பிட்டு மற்றவற்றைக் கணக்கிடலாம். அந்த ஐந்து மரபணுக்களும் செய்வது இதைத்தான். பிளாக்கை நாங்கள் எடுத்துச் சென்றதும் இதனால்தான் சாத்தியமாயிற்று: உறைகுளிரில் வைத்த புதுத் திசு வேண்டியதில்லை, எந்த மருத்துவமனையின் அலமாரியிலும் வழக்கமாக வைத்திருக்கும் மெழுகுப் பிளாக்கே போதும்.

16 புற்று மரபணுக்களும் சமமான எடை கொண்டவை அல்ல. உயிரணு எவ்வளவு வேகமாகப் பிரிந்து பெருகுகிறது என்பதைக் காட்டும் ஐந்து மரபணுக்களுக்கே கணக்கில் மிகுந்த எடை. நோயியல் அறிக்கைகளில் பலர் பார்த்திருக்கக்கூடிய கி-67 அவற்றுள் ஒன்று. ஈஸ்ட்ரோஜன் பக்கத்து நான்கு மரபணுக்கள் நன்றாக வேலை செய்தால் மதிப்பெண் இறங்கும். ஏனென்றால் அப்படிப்பட்ட கட்டியை ஹார்மோன் மாத்திரை கட்டுப்படுத்தும். ஹெர்2 பக்கத்து இரண்டும், திசுவைத் துளைத்துப் பரவும் இயல்பைக் காட்டும் இரண்டும் மதிப்பெண்ணை ஏற்றும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து 0 முதல் 100 வரை ஓர் எண் கிடைக்கிறது. அதற்கு மீள்வரவு மதிப்பெண் என்று பெயர்.

இந்த எண் எதைச் சொல்கிறது என்பதில்தான் விஷயத்தின் சாரம் இருக்கிறது. கேள்விகள் இரண்டு. இந்தக் கட்டி பிற்காலத்தில் வேறு உறுப்பில் மீண்டும் தலைகாட்டுமா என்பது ஒன்று. கீமோ கொடுத்தால் அந்த ஆபத்து குறையுமா என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம்; ஆனால் ஒன்றல்ல. ஆபத்து அதிகமாக இருந்தும் கீமோ பலிக்காத நோய் இருக்கலாம். ஆபத்து குறைவாக இருந்தால் கீமோவுக்குக் குறைக்க ஒன்றுமே மிஞ்சாமல் போகலாம். 2004இல் வெளிவந்த ஆய்வு முதல் கேள்விக்கு விடை தந்தது. பல ஆண்டுகளுக்கு முன் தமோக்ஸிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை மட்டும் எடுத்துக்கொண்ட, கணுக்களில் புற்று இல்லாத 668 பெண்களின் பழைய பிளாக்குகளை எடுத்து அளந்தபோது, பத்தாண்டுகளுக்குள் தொலைவில், அதாவது வேறு உறுப்பில், நோய் மீண்டவர்கள், குறைந்த மதிப்பெண் பிரிவில் 6.8 விழுக்காடு; உயர்ந்த பிரிவில் 30.5 விழுக்காடு. அத்தனை பேருக்கும் ஒரே மாத்திரை, ஒரே வகை நோய். இரண்டாண்டு கழித்து, அந்தக் குழுவினரே நடத்திய இன்னொரு சோதனையின் பிளாக்குகள் இரண்டாவது கேள்விக்கும் விடை தந்தன: உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களுக்குக் கீமோ பெரும் பலன் தந்திருந்தது, குறைந்த மதிப்பெண் பெற்றவர்களுக்குக் குறிப்பிடும்படியான பலன் எதுவும் இல்லை.

அப்படியானால் இடையில் இருப்பவர்கள்? பெரும்பாலான பெண்கள் அங்கேதான் இருக்கிறார்கள். என் அக்காவும் அங்கேதான் இருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அவர்களுக்காகவே டெய்லர்எக்ஸ் என்ற பெரிய சோதனை 2006இல் தொடங்கியது. அந்தப் பெயரைச் சொன்னபோது அக்கா, “அளவெடுத்துத் தைக்கிற மாதிரியா?” என்று கேட்டார். அதன் பொருளும் அதுவேதான். 10,273 பெண்கள் அதில் சேர்ந்தார்கள். மதிப்பெண் 11 முதல் 25 வரை இருந்தவர்களில் ஒரு பாதிக்கு ஹார்மோன் மாத்திரை மட்டும், மறு பாதிக்குக் கீமோவும் மாத்திரையும் என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 2018இல் முடிவுகள் வந்தன. ஒன்பது ஆண்டுகளின் முடிவில், தொலைவில் நோய் மீளாமல் இருந்தவர்கள், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 94.5 விழுக்காடு, கீமோவும் சேர்த்து எடுத்தவர்களில் 95 விழுக்காடு. அரை விழுக்காட்டு வேறுபாடு. நான்கு முறையோ ஆறு முறையோ நரம்பில் மருந்து ஏற்றி, முடி கொட்டி, வாய்ப்புண்ணும் காய்ச்சலுமாகப் படுத்து எழுந்த அத்தனை பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதனால் கூடுதலாகக் கிடைத்தது எதுவும் இல்லை என்பதே இதன் பொருள். அதைப் படித்த அன்று நான் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் இதை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிடக் கூடாது. 50 வயதும் அதற்குக் குறைவுமான பெண்களில், மதிப்பெண் 16 முதல் 25 வரை இருந்தவர்களுக்குக் கீமோ ஓரளவு பலன் தந்தது. 21க்கு மேல் அந்தப் பலன் தெளிவாகவே இருந்தது. மாதவிடாய் நிற்காத பெண்களிடம் கீமோ சினைப்பைகளின் இயக்கத்தையும் அடக்கிவிடுவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அக்குள் கணுக்களில் ஒன்று முதல் மூன்று வரை புற்று இருந்தவர்களுக்கு நடந்த ஆர்எக்ஸ்பாண்டர் சோதனையின் முடிவு 2021இல் வந்தது. அதுவும் இதே திசையைக் காட்டியது. மதிப்பெண் 25 அல்லது அதற்குக் கீழ் இருந்தால், மாதவிடாய் நின்றவர்களுக்குக் கீமோ கூடுதல் பலன் தரவில்லை, நிற்காதவர்களுக்குத் தந்தது. மம்மாபிரிண்டை வைத்து ஐரோப்பாவில் 6,693 பெண்களிடம் நடந்த மின்டாக்ட் சோதனையும் வயதின் அடிப்படையில் இப்படியே பிரிந்தது. எனவே, 58 வயதுப் பெண்ணின் கதையைப் படித்துவிட்டு 42 வயதுப் பெண் ஒருவர் கீமோ வேண்டாம் என்று முடிவு செய்துவிட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

கீமோவுக்கு எதிராக எழுதுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் பக்கத்தில் கீமோவைப் பற்றிய பயம் ஏற்கெனவே மிகுதி. அந்தப் பயத்தில் வேர்ப்பொடி, கஷாயம் என்று ஆறு மாதத்தை வீணாக்கிவிட்டு, கட்டி வெடித்த பிறகு மருத்துவமனைக்குப் போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். மதிப்பெண் உயர்ந்திருந்தால் கீமோ உயிரைக் காப்பாற்றும். அதை அந்தப் பரிசோதனையே உரக்கச் சொல்கிறது. யாருக்குப் பலன் உண்டோ அவர்கள் தயங்காமல் ஏற்கவும், யாருக்கு இல்லையோ அவர்களை விட்டுவிடவும் வழி காட்டுவதே அதன் வேலை.

இனி, எங்களைப் போன்றவர்களைப் பொறுத்தவரை இதில் உள்ள குறைகளையும் சொல்ல வேண்டும். டெய்லர்எக்ஸ் சோதனை அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, பெரு ஆகிய நாடுகளில் நடந்தது; அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரப் பெண்கள். அந்தச் சோதனையிலேயே, கறுப்பினப் பெண்களுக்கு மதிப்பெண் ஒரே மாதிரி இருந்தும் நோய் மீண்டது அதிகம் என்று பிறகு தெரிய வந்தது. மதிப்பெண் என்பது முழுக் கதையல்ல என்பதை நான் அங்கே கண்டேன். மலேசியாவில் சுபாங் ஜெயா, மலாயாப் பல்கலைக்கழகம் ஆகிய இடங்களின் ஆய்வாளர்கள் இங்குள்ள பெண்களின் கட்டிகளைத் திரட்டி, 560 கட்டிகளின் மரபணுக் கோலத்தை 2020இல் வெளியிட்டார்கள். மேற்கத்தியப் பெண்களின் கட்டிகளோடு ஒப்பிட்டபோது, ஹெர்2 வகை இங்கே கூடுதலாக இருப்பதையும், கட்டிக்குள் நோய் எதிர்ப்பு அணுக்களின் தடயம் மிகுந்திருப்பதையும் கண்டார்கள். அரிய வேலை. ஆனால் அந்தத் திரட்டிலும் இந்திய வம்சாவளிப் பெண்களின் பங்கு சிறியதுதான். ஆய்வுக்கு இரத்தமும் திசுவும் கேட்டால் நம்மவர்கள் பயந்து பின்வாங்குகிறோம். பிறகு நமக்கான எண்கள் எங்கும் இருப்பதில்லை. என்னிடம் யாராவது கேட்டால் நான் கொடுப்பேன்; அக்காவும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பணத்துக்கு வருகிறேன். எங்களுக்குச் சொல்லப்பட்ட விலை ஐந்திலக்க வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி கட்டிப் பழகிய குடும்பத்துக்கு அது மலை. அக்காவின் கூட்டுச் சீட்டுப் பணம், அத்தானின் சேமிப்பு, மகளின் சம்பளம், என் ஓய்வூதியத்தில் கொஞ்சம் என்று சேர்த்துக் கட்டினோம். கட்ட முடிந்ததால் செய்தோம். கட்ட முடியாத குடும்பங்களே இங்கே அதிகம். ஒரு பெண்ணுக்குக் கொடுக்க வேண்டாத நான்கு கீமோவுக்கும், அதற்குப் பின் வரும் காய்ச்சலுக்கும், படுக்கைக்கும் அரசாங்கம் செலவிடுகிறது. அந்தக் கீமோ வேண்டாம் என்று காட்டித் தரும் பரிசோதனைக்கு மட்டும் நோயாளியே வழி தேட வேண்டியிருக்கிறது. இதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்க வேண்டும் என்பது என் மனமார்ந்த கோரிக்கை.

பணம் இல்லையென்றால் வழியே இல்லை என்றும் இல்லை. வயது, கட்டியின் அளவு, தரம், கணுக்கள், ஏற்பிகள் ஆகியவற்றை வைத்து, கீமோ நூற்றில் எத்தனை பேருக்குக் கூடுதல் பலன் தரும் என்று கணித்துச் சொல்லும் பிரெடிக்ட் என்ற கருவி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பிரிட்டனில் உருவான அதை மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையின் நோயாளிகளிடம் ஒப்பிட்டும் பார்த்திருக்கிறார்கள்; பொதுவாக ஒத்துப்போனது, மிக இளம்வயதுப் பெண்களிடம் மட்டும் அதன் துல்லியம் குறைந்தது. மரபணுப் பரிசோதனை தரும் விடையை அது தராது. ஆனால் மருத்துவரின் மேசையில் அதைத் திறந்து, “எனக்கு இந்த எண் என்ன?” என்று கேட்க ஒரு வெள்ளியும் செலவில்லை.

பிளாக்கைக் கொடுத்த பின் காத்திருந்த மூன்று வாரத்தில் அக்கா ஒரு ரவிக்கைகூடத் தைக்கவில்லை. கீமோ மருந்துகளில் ஒரு வகை விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யும், சிலருக்கு அது ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் என்று ஒரு மிசி (தாதி) சொல்லியிருந்தார். ஊசியில் நூல் கோக்கும் விரல்கள் அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நாங்கள் அறிவோம். அவர் மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. மாலையில் திண்ணையில் உட்கார்ந்து, பெருவிரலால் மற்ற விரல்களின் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அறிக்கை வந்தது. மதிப்பெண் 17. பக்கத்தில் நின்ற அத்தான், “நூற்றுக்குப் பதினேழா?” என்று முகம் வாடிக் கேட்டார். தேர்வுத்தாள் போல அவர் படித்துவிட்டார். இது குறைந்தால் நல்லது என்றும், 17 என்றால் பதினேழு விழுக்காடு ஆபத்து என்று பொருள் அல்ல என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அக்காவின் வயதுக்கும் மதிப்பெண்ணுக்கும் கீமோ தேவையில்லை, கதிர்வீச்சு உண்டு, பிறகு லெட்ரோசோல் மாத்திரை ஐந்தாண்டு, நாள்தோறும். அந்த மாத்திரை எலும்பைத் தேய்க்கும் என்பதால் எலும்பின் அடர்த்தியை அவ்வப்போது பார்க்க வேண்டும், மூட்டு வலிக்கும், வலிக்கிறதே என்று பாதியில் நிறுத்திவிடக் கூடாது. ஹார்மோன் மாத்திரையை ஒழுங்காக எடுத்துக்கொண்டவர்களை வைத்துத்தான் இந்த எண்கள் எல்லாம் வந்தன என்று அவர் சொன்னது என் மனத்தில் ஆழப் பதிந்தது. “புற்று இனி வராது என்று இந்தத் தாள் சொல்கிறதா?” என்று அக்கா கேட்டார். இல்லை என்றார் மருத்துவர். உங்களைப் போன்ற நூறு பேரில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு ஒன்பது ஆண்டுகளில் அது வேறு உறுப்பில் தலைகாட்டலாம், கீமோ கொடுத்திருந்தாலும் அந்த எண்ணிக்கை பெரிதாக மாறியிருக்காது என்றார். அக்கா தலையசைத்தார். அந்த நேர்மைதான் அவருக்கு வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

ஊருக்குத் திரும்பியபின் எதிர்பாராத ஒரு கஷ்டம் வந்தது. கோவிலிலும் சந்தையிலும் பார்க்கிறவர்கள், “கீமோ போடவில்லையா?” என்று கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்துவார்கள். கீமோ கொடுக்கவில்லையென்றால் டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்பது இங்கே பலருடைய நினைப்பு. முதல் சில வாரம் அக்கா வெளியே போவதையே குறைத்துக்கொண்டார். பிறகு ஒருநாள், ரவிக்கை கொடுக்க வந்த பெண்ணிடம் அவரே அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கட்டிக்குள் எந்த கேங் வேலை செய்கிறது என்று பார்த்து, வேண்டாம் என்று தெரிந்துதான் விட்டார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்ததை நான் அடுப்படியிலிருந்து கேட்டேன்.

அந்தப் பேச்சு பரவித்தான், போன மாதம் பக்கத்துத் தாமானிலிருந்து (குடியிருப்பிலிருந்து) ஒரு பெண் தன் அறிக்கையை ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். வயது ஐம்பதைத் தாண்டவில்லை. அதே பரிசோதனையைத் தானும் செய்ய வேண்டும், தாலிச் செயினை அடகு வைக்கத் தயார் என்றார். நான் மருத்துவர் அல்ல என்று முதலில் சொல்லிவிட்டு அறிக்கையைப் படித்தேன். ஹெர்2 என்ற இடத்தில் 3+ என்று இருந்தது. ஹெர்2 மிகுந்த கட்டிக்கு இந்தப் பரிசோதனை உரியதல்ல. அதற்குக் கீமோவும், அதனுடன் டிராஸ்டுஸுமாப் என்ற மருந்தும்தான் வழி, அந்த மருந்து வந்த பிறகு இவ்வகை நோயின் போக்கே மாறியிருக்கிறது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2 ஆகிய மூன்று ஏற்பிகளும் இல்லாத வகைக்கும் இப்படித்தான், இந்த மதிப்பெண்ணால் பயன் இல்லை. இதையெல்லாம் மெதுவாகச் சொன்னேன். செயினை அடகு வைக்க வேண்டாம், மருத்துவர் குறித்த தேதியைத் தள்ளிப் போடவும் வேண்டாம், ஹெர்2 மருந்து எப்போது தொடங்கும் என்று மட்டும் கேளுங்கள் என்று சொல்லி, அந்தக் கேள்வியை மலாயில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை அறிக்கையோடு உறைக்குள் வைத்துக்கொண்டார். தேதி அடுத்த செவ்வாய்க்கிழமை. அன்று காலை ஆறு மணிக்கு, அவரை ஈப்போவுக்கு அழைத்துப் போக அத்தான் காரை வெளியே எடுத்தார்; அக்கா முன்னிருக்கையில் ஏறிக்கொண்டார்.